ஈரம் துடைத்த பிறகு

ஈரக் கையோடு கரண்டைத் தொடாதே என்று
முப்பது வருஷமாகப் பையன்களைத் திட்டியவன் நான்.
ரங்கூன் தாம்வே சந்தைக்குப் பின்னால்
மோட்டார் சுற்றும் கடை.
செம்புக் கம்பி, வார்னிஷ் நாற்றம், தாளில் மடித்த வெற்றிலை.

தண்ணித் திருவிழாவின் இரண்டாம் நாள்.
கடை பூட்டு. ஊரே பூட்டு.
இடது தாடையில்தான் தொடங்கியது.
பல்வலி என்று கிராம்பைக் கடித்தேன்.
பிறகு நெஞ்சின்மேல் ஒருவன் வந்து உட்கார்ந்தான்.
கனத்த ஆள்; எழுந்திருக்கும் உத்தேசமில்லை.
சட்டை தொப்பலாக நனைந்தது.
அதுவரை யாரும் என்மேல் தண்ணீர் ஊற்றியிருக்கவில்லை.

டாக்சி கிடைக்காமல் வந்தது ஒரு மீன்வண்டி.
ஐஸ் உருகிய பலகையில் படுத்தேன்,
தலை அவள் மடியில்,
கால் இறால் கூடையில்.
தெருவுக்குத் தெரு பந்தல், பந்தலுக்குப் பத்துக் குழாய்.
போன வருஷத்துப் பாவத்தைக் கழுவாமல் விடமாட்டோம் என்று
மறித்து மறித்து ஊற்றினார்கள்.
என்னைக் கண்டவர்கள் கையை இழுத்துக்கொண்டார்கள்.
காணாதவர்கள் ஊற்றினார்கள்.
ஒரு பந்தலில் பாட்டு பாதியில் நின்றது.
மைக்கில் ஒரு பெண் பர்மியத்தில்
"வழி, வழி, வழி" என்றாள்.
அந்த அமைதியில் குழாய்கள் மட்டும்
சாக்கடைக்குள் பொழிந்துகொண்டிருந்தன.

பெரியாஸ்பத்திரி.
நர்ஸின் கன்னத்தில் தனக்கா காய்ந்து வெடித்திருந்தது.
ஈசிஜி வில்லைகள் என் நெஞ்சில் ஒட்டவில்லை.
வைத்தாள், நழுவின. வைத்தாள், நழுவின.
அட்டையைப் பார்த்துக் கூப்பிட்டாள்:
உ மியோ வின்.
பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று வாத்தியார் வைத்த பேர்.
அந்தப் பேரில் வரி கட்டியிருக்கிறேன்,
கரண்ட் பில் கட்டியிருக்கிறேன்.
"உ மியோ வின், கண்ணைத் திறங்க, உ மியோ வின்."
பக்கத்துக் கட்டில்காரரை என்று நினைத்து
மரியாதையாக ஒதுங்கிக்கொண்டேன்.

சுரங்கமும் இல்லை, வெளிச்சமும் இல்லை.
செத்துப்போன அப்பா வந்து கைநீட்டவில்லை.
கம்பி அறுந்த சுருளில் மீட்டரை வைத்தால்
முள் என்ன செய்யும்?
அதுதான்.

பிறகு சொன்னார்கள்:
அவள் தோளில் கிடந்த துண்டை எடுத்து
நெஞ்சைத் துடைத்தாளாம்.
சங்கிலிக்கு அடியில், அக்குள் வரை,
குழந்தையைத் துடைப்பதுபோல அல்ல,
விளக்குக் கண்ணாடியைத் துடைப்பதுபோல அழுத்தி.
துடைத்த பிறகே தகடுகளை வைத்தார்கள்.
சரியான முறை.
என் பையன்களில் ஒருவனுக்கும் அந்த நிதானம் கிடையாது.
இரண்டு தடவை அடித்தார்களாம்.

முதலில் திரும்பி வந்தது ஜெனரேட்டர் சத்தம்,
சுவருக்கு அப்பால் எங்கோ.
ஒரு சிலிண்டர் அடிக்கவில்லை.
அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
மூச்சு வந்துவிட்டது என்று எழுதிக்கொண்டார்கள்.

கட்டியைக் கரைக்கும் ஊசி அங்கே இருப்பில் இல்லை.
மருந்துக் கடைகளுக்குப் பத்து நாள் லீவு.
மீன்வண்டிக்காரன், கோ ஸா லின்,
சீட்டை வாயில் கவ்விக்கொண்டு போனவன்
ஏதோ பந்தலில் ஆடிக்கொண்டிருந்த கடைக்காரரை
நனைந்த கைலியோடு ஏற்றிக்கொண்டு வந்தான்.
ஊசி மீன்வாடையோடு வந்தது.
அவன் வாடகை வாங்கவில்லை.
வாங்கியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்திருக்கும்.

திருவிழா முடிந்த காலை.
அவர்களுக்கும் நமக்கும் வருஷம் பிறந்துவிட்டது.
யாரோ தண்ணீர் பாட்டிலில் பிடவுப் பூ செருகியிருந்தார்கள்,
நம் வேங்கைக்குத் தங்கச்சி.
நர்ஸ் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே கேட்டாள்:
"அ-டை-க-லான் யாரு?
அன்னைக்கு உங்க சம்சாரம் கட்டில் காலைப் பிடிச்சுக்கிட்டு
அந்தப் பேரையே கத்தினாங்க. மகனா?"

முப்பத்தோரு வருஷமாக நான் "இந்தாங்க."
அவசரமென்றால் "உங்களத்தான்."
பேர் சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்பது
நாச்சம்மையின் கணக்கு.
அவள் ஜன்னல் பக்கம் திரும்பி
சாத்துக்குடித் தோலை அறாமல்
ஒரே சுருளாக உரித்துக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சவர்தான்" என்றேன்.